மேனிக்கு எந்த மண்?



சுவா சூ காங்கில் நான் குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில், மாலை வேளைகளில் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவது வழக்கம். சில வாரங்களுக்கு முன்பு அங்கே ஒரு தாய்க்கும் மகளுக்கும் சிறு வழக்கு ஏற்பட்டது. மகளுக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். முகத்தில் பூசிக்கொள்ளலாம் என்று சிராங்கூன் சாலைக் கடையிலிருந்து முல்தானி மட்டிப் பொட்டலம் ஒன்றை அந்தப் பெண் வாங்கி வந்திருந்தாள். தாயாருக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, கல்யாணமாகும்வரை அங்கேயே வளர்ந்தவர்.

“மண்ணுக்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா, அக்கா? என் அண்ணன் இருக்கிற தோட்டத்தில் ஆள் உயரத்துக்குப் புற்று நிற்கிறது. ஒரு பை அள்ளி வந்தால் வருஷம் முழுக்கப் பூசலாம். நாங்கள் எல்லாம் அதைப் பூசித்தானே வளர்ந்தோம்?” என்று என்னைக் கேட்டார்.

“அம்மா, அது தரையில் கிடக்கிற மண். இது முகத்துக்கென்றே விற்கிற மண்” என்றாள் மகள்.

“இரண்டும் பூமியில் தோண்டியதுதானே?” என்றார் தாய். பிறகு தம் காலைத் தூக்கிக் காட்டி, “போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது இந்தப் பித்தவெடிப்புக்குக்கூட அந்தப் புற்றுமண்ணைத்தான் குழைத்துப் பூசினேன். எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா?” என்றார்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தோட்டத்தில் இன்றும் இருக்கிற குடும்பங்களிலும், தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்ட குடும்பங்களிலும் இதே பேச்சு எழுவதுண்டு. ஆகவே அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நான் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று. களிமண் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. நான் இருக்கும் இந்தச் சுவா சூ காங் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே சீனக் குடியானவர்கள் ஆற்றோரமாகக் குடியேறி, காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். ஊரின் பெயரில் உள்ள ‘சுவா’ என்பது ஒரு சீனக் குலத்தின் பெயர். பின்னால் ரப்பரும் தென்னையும் அன்னாசியும் வந்தன. இன்று அவை இருந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. 1990-ஆம் ஆண்டு எம்.ஆர்.டி. இரயிலும் வந்துவிட்டது. ஆனால் பெயர்கள் பழைய கதையை மறக்கவில்லை. பக்கத்திலேயே ஓடும் பிரிக்லாண்டு சாலையின் பெயருக்குச் செங்கல் நிலம் என்று பொருள். அந்தப் பகுதியில் இருந்த செங்கற் சூளைகளை அது நினைவூட்டுகிறது.

சுவா சூ காங் பழைய சாலையிலிருந்து ஜாலான் பஹார் வழியாகச் சிறிது தூரம் போனால், லோரோங் தாவாஸ் என்ற இடத்தில் இரண்டு பழைய மட்பாண்டச் சூளைகளைக் காணலாம். மேட்டுச் சரிவில் நீளமாகப் படுத்திருப்பதால் அவற்றை ‘கடல்நாகச் சூளை’ என்கிறார்கள். கீழே வாயில் நெருப்பிட்டால், அனல் மேல்நோக்கி ஓடி வால் வழியாகப் புகை வெளியேறும். இரண்டில் மூத்ததான தவ் குவாங் சூளை 1940-இல் கட்டப்பட்டது. ஜூரோங் பகுதியில் நல்ல களிமண் கிடைத்ததால்தான் இத்தகைய சூளைகள் இங்கே பெருகின. அவை எதைச் சுட்டுக் கொடுத்தன தெரியுமா? தண்ணீர்ச் சாடிகள், பூந்தொட்டிகள், அவற்றோடு ரப்பர் மரத்தில் கட்டும் பால் மங்கு!

விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன நம் பாட்டிமார் கையில் பிடித்த மங்கு இப்படிப்பட்ட மண்ணால் ஆனதுதான். ஒட்டுப்பால் பிடித்த மங்கை வழித்துத் துடைத்து, கவிழ்த்துவிட்டு வந்த கைகள் அவை. மண்ணுக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது. அதனால்தான் அந்தத் தாய், “மண்ணுக்குக் காசா?” என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, களிமண் என்பது என்ன? வெயிலும் மழையும் மிகுந்த நாடுகளில் பாறை பல ஆயிரம் ஆண்டுகளாக உளுத்து உதிர்கிறது. அப்படி உதிர்ந்ததில் மிக நுண்ணிய பகுதியே களிமண். ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதைவிடச் சிறியவை அதன் துகள்கள். ஒவ்வொரு துகளும் சீட்டுக்கட்டுப் போல மெல்லிய தட்டுகள் அடுக்கியது. இவ்வளவு சிறிய தட்டுகள் கோடிக்கணக்கில் சேரும்போது, ஒரு கைப்பிடி மண்ணுக்குள் ஒட்டுமொத்தப் பரப்பு மிகப் பெரிதாகிவிடுகிறது. அந்தப் பரப்பில் நீர் ஒட்டும், எண்ணெய் ஒட்டும், வேறு சில பொருள்களும் ஒட்டும். களிமண்ணின் குணம் முழுவதும் இந்த ஒட்டலில்தான் இருக்கிறது.

களிமண்ணில் பல வகை உண்டு. வெள்ளை நிறமாக, மாவு போல இருப்பது கயோலின். சீனாவில் ஜியாங்சி மாநிலத்தில் உள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரே அதற்கு வந்தது. பீங்கான் செய்ய உதவும் மண் அது, எண்ணெயை மெதுவாக உறிஞ்சும், மென்மையானது. தண்ணீர் பட்டதும் உப்பி, கொழகொழவென்று ஆவது பெண்டோனைட். அது எண்ணெயையும் ஈரத்தையும் வலுவாக இழுக்கும். முல்தானி மட்டி என்று நாம் சொல்வது இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்தான் நகரத்தின் பெயரால் வழங்குகிறது. கம்பளித் துணியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க மேல்நாட்டார் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய மண்ணும் இந்த வகையைச் சேர்ந்ததே. துணியின் பிசுக்கை எடுப்பது எதுவோ, அதுவே முகத்தின் பிசுக்கையும் எடுக்கிறது.

தமிழ்நாட்டுக்குப் போனால் நாமக்கட்டி இருக்கிறது. நெற்றிக்கு இடுவது மட்டுமல்லாமல், வேனற்கட்டிக்கும் வீக்கத்துக்கும் அதை உரைத்துப் பூசுவது நம் வீட்டு வழக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு அருகே உள்ள ஜடேரி என்ற சிற்றூர் இதற்குப் பெயர் பெற்றது. ஜடேரி நாமக்கட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வெள்ளை மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணலும் கல்லும் அடியில் தங்கியபின் மேலே மிதக்கும் நுண்மண்ணைத் தனியே எடுத்துக் காயவைக்கிறார்கள். தோண்டிய மண்ணுக்கும் பூசும் மண்ணுக்கும் இடையில் ஒரு வேலை இருக்கிறது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, முகத்தில் பூசினால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முகத்தில், குறிப்பாக நெற்றியிலும் மூக்கிலும், எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதி. வியர்வையும் தூசியும் எண்ணெயோடு சேர்ந்து துளைகளை அடைக்கின்றன. குழைத்த களிமண்ணைப் பூசியதும் அது அந்த எண்ணெயைத் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. அதிலுள்ள நீர் ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துச் செல்வதால் குளிர்ச்சி தோன்றுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதிப்படிதான். மண் காயும்போது சுருங்குவதால் தோல் இறுகியது போன்ற உணர்வு உண்டாகிறது. கழுவும்போது உதிர்ந்த பழைய தோலும் சேர்ந்து போய்விடுகிறது. முகம் துடைத்த பித்தளைச் செம்பு போலப் பளிச்சென்று தெரியும். இவ்வளவும் உண்மை.

ஆனால் இதற்கு மேல் சொல்லப்படுவன பலவும் உண்மையல்ல. உடம்பில் உள்ள நஞ்சை மண் உறிஞ்சி எடுத்துவிடும் என்கிறார்கள். நம் உடம்பின் கழிவை அகற்றுபவை கல்லீரலும் சிறுநீரகமும். முகத்தில் கால்மணி நேரம் பூசிய மண்ணுக்கு அந்த வேலை தெரியாது. இறுகிய தோல் அப்படியே நிலைத்து, சுருக்கம் போய்விடும் என்பதும் தவறு. மண்ணைக் கழுவிய சிறிது நேரத்தில் அந்த இறுக்கமும் போய்விடும். படர்தாமரை, சொறி, சிரங்கு ஆகியவை மண்ணால் தீரமாட்டா. அவற்றுக்கு மருந்து வேண்டும். தோலில் வெளிறிய திட்டு தோன்றி, அந்த இடத்தில் உணர்ச்சியும் குறைந்திருந்தால், அதன்மேல் எதையும் பூசி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் தாய்மார்களிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். மண் பூசினால் நிறம் வெளுக்காது. நம் நிறத்தைத் தருவது தோலுக்குள் இருக்கும் மெலனின் என்ற நிறப்பொருள். வெயிலின் கொடுமையிலிருந்து அது நம்மைக் காக்கிறது. களிமண் தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும். மெலனினை அது தொடாது. பிசுக்குப் போனதால் முகம் சற்றுத் தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், “கொஞ்சம் வெளுப்பாக்கிக்கொள்” என்று பெற்றவர்களே சொல்லும்போது அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்? மண்ணில் வெளுப்புக் கிடைக்கவில்லை என்றதும் அவள் கை எங்கே போகும்? பெயர் தெரியாத வெளுப்புக் கிரீம்களிடம் போகும். அப்படிப்பட்ட சில கிரீம்களில் பாதரசம் இருப்பதாகச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசுகிற பெண்ணை மட்டுமல்ல, அவள் மடியில் இருக்கும் குழந்தையையும் அது தாக்கலாம். கல்யாணப் பெண்ணுக்குத் தூய்மையான முகம் போதும்; நிறம் அவள் பிறப்போடு வந்த சொத்து.

இப்போது தாயாரின் கேள்விக்கு வருவோம். இரண்டும் பூமியில் தோண்டியதுதானே, பிறகென்ன வேறுபாடு?

வேறுபாடு மண்ணில் இல்லை. மண்ணோடு சேர்ந்து வருவதில் இருக்கிறது. தரையில் கிடக்கும் மண் உயிருள்ள மண். ஒரு கைப்பிடியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. மரம் வளர்வதே அவற்றால்தான். ஆனால் சில பொல்லாதவை. இரணஜன்னியை உண்டாக்கும் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதை போன்ற ஓர் உறைக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். புண்ணுக்குள் புகுந்தால் விழித்துக்கொள்ளும். பிறந்த குழந்தையின் தொப்புளில் மண்ணும் சாணமும் வைத்துப் பல பிள்ளைகளை நாம் பறிகொடுத்தது இதனால்தான். மலம் கலந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். வெறும் தோலைத் துளைத்தே அவை உள்ளே போகும். முன்னாளில் தோட்டத்து மக்களின் இரத்தத்தைக் குடித்து அவர்களைச் சோகை பிடிக்கவைத்தது அந்தப் புழு.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பலர் காதில் விழுந்திராது: மெலியோய்டோசிஸ். 1911-இல் பர்மாவின் இரங்கூன் நகரில் ஆல்பிரட் விட்மோர் என்ற மருத்துவரும், அவரோடு பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற நம்மவரும் இந்த நோயைக் கண்டறிந்து, மறு ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார்கள். இதன் கிருமி தென்கிழக்காசியாவின் ஈரமண்ணிலும் சேற்றுநீரிலும் இயற்கையாகவே வாழ்கிறது. மழை மிகுந்த நாட்களில் மண்ணின் மேற்பரப்புக்கு வரும். தோலில் உள்ள சிறு வெட்டு வழியாகவோ, மூச்சு வழியாகவோ உடம்புக்குள் புகும். சிலருக்கு நுரையீரலில் சளிக்காய்ச்சலாக வரும். சிலருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியாக வரும். பல வாரங்கள், மாதங்கள் கழித்துத் தலைதூக்குவதும் உண்டு. சிங்கப்பூரில் இந்த நோய் கண்டால் மருத்துவர்கள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பது 1989 முதல் விதியாக இருக்கிறது. சிகிச்சை உண்டு, ஆனால் முதலில் நாளங்கள் வழியாகவும், பிறகு மாத்திரையாகவும் மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிவரும். காலம் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த நோய் யாரை அதிகம் பிடிக்கிறது? நீரிழிவு உள்ளவர்களை. இதைச் சொல்லும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்தத் தாய் பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நாங்கள் எல்லாரும் மகளின் முகத்தைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தோம். ஆபத்து தாயின் குதிகாலில் இருந்தது. வெடித்த தோல், நீரிழிவு, மழைக்காலத்துத் தோட்டத்து மண் என்று மூன்றும் ஓரிடத்தில் கூடியிருந்தன. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெடிப்பு ஆழமாகப் போனாலும் வலி தெரியாது. குளிர்ச்சியாக இருந்தது என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் குளிர்ச்சி வேறு, குணம் வேறு.

தோட்டத்து மண்ணில் இன்னொன்றும் கலந்திருக்கும். அது மனிதன் போட்ட மருந்து. களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, உரம் எல்லாம் ஆண்டுதோறும் அந்த மண்ணில் இறங்குகின்றன. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தோளில் தொட்டியைச் சுமந்து அடித்தவர்களில் பலர் நம் பெண்கள். நகம் அழுகி விழுந்ததையும், தோல் வெந்து போனதையும், மூக்கில் இரத்தம் வந்ததையும் அவர்கள் மறக்கமாட்டார்கள். மலேசியாவில் 2020 சனவரி முதல் தேதியோடு அதற்கு முழுத் தடை வந்தது. இந்த நஞ்சு களிமண்ணைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் தவறிப்போய் அது வாய்க்குள் சென்றவர்களுக்கு, மருத்துவமனைகளில் முல்தானி மட்டி வகை மண்ணைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சற்றுத் தாமதமானாலும் அதனால் பயனில்லை, பலர் பிழைக்கவில்லை. ஆகவே இதை வீட்டு வைத்தியமாக எண்ணிவிடாதீர்கள். எந்த மருந்தாவது வாயில் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தோலில் சிந்தினால் துணியைக் களைந்து, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். மண்ணைத் தேடி நேரத்தைப் போக்கவேண்டாம்.

“காந்தியடிகளே மண் வைத்தியம் செய்தாரே?” என்று கேட்கலாம். செய்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது அடால்ப் ஜஸ்ட் என்ற ஜெர்மானியரின் நூலைப் படித்து, வயிற்றிலும் தலையிலும் மண்பட்டி போட்டுப் பார்த்தார். 1946-இல் பூனா அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையம் ஒன்றையும் தொடங்கினார். ஆனால் எந்த மண் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். எருக் கலந்த மண் ஆகாது, நன்றாகச் சலித்திருக்க வேண்டும், ஐயம் இருந்தால் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று நமக்குத் தெரிந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: இரணஜன்னிக் கிருமியின் உறை கொதிநீருக்கும் எளிதில் மசியாது. வாணலியில் வறுத்துவிட்டோம் என்று நம்பிப் புண்ணில் வைக்க இடமில்லை.

அப்படியானால் கடைப் பொட்டலம் எல்லாம் நல்லதா? மகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பூமியில் சில இடங்களில் மண்ணோடு ஈயமும் ஆர்சனிக்கும் இயற்கையாகவே கலந்திருக்கும். 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அங்கு விற்ற ஒருவகை பெண்டோனைட் மண்ணில் ஈயம் மிகுந்திருப்பதாக எச்சரித்தது. ஆகவே பெயரும் முகவரியும் இல்லாத, மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டிய தூளை வாங்காதீர்கள். சிங்கப்பூரில் 2008 முதல் அழகுப்பொருள்களை விற்பவர் முதலில் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். மலேசியாவில் பதிவான அழகுப்பொருளுக்கு என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் உண்டு. பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், சேர்ந்திருக்கும் பொருள்கள், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

இனிப் பூசும் முறையைச் சொல்கிறேன். இரண்டு தேக்கரண்டித் தூளைச் சுத்தமான பீங்கான் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரையோ பன்னீரையோ சிறிது சிறிதாக விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். தூள் பறந்து மூக்கில் ஏறாமல் மெதுவாகக் கலக்குங்கள். முதல்முறை பூசுவதாக இருந்தால், முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிக் கழுவிவிட்டு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் முகத்தில் மெல்லியதாகப் பூசலாம். கண்ணையும் உதட்டையும் விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் போதும். மண் முழுக்கக் காய்ந்து வெடிக்கும்வரை வைத்திருப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அப்போது அது தோலுக்கு வேண்டிய ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். ஓரம் காயத் தொடங்கியதும் தண்ணீர் தெளித்து இளக்கி, தேய்க்காமல் கழுவுங்கள். பிறகு வழக்கமாகப் பூசும் கிரீமை இலேசாகத் தடவிக்கொள்ளுங்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கு வாரம் ஒருமுறை. வறண்ட முகத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் மென்மையான வெள்ளை மண். குழைத்ததில் மிச்சம் இருந்தால் எடுத்து வைக்காதீர்கள். ஈரமண்ணில் கிருமி பெருகும்.

எலுமிச்சைச் சாற்றைக் கலக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் படும்போது சிலருக்குத் தோல் வெந்து, கொப்புளமும் கருந்திட்டும் உண்டாகும். வெளுக்க வேண்டும் என்று பூசி, கறுத்துப்போய் வந்தவர்கள் உண்டு. விடியற்காலை முதல் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் ஆகாது.

வெட்டு, புண், சீழ்வைத்த பரு, கரப்பான் ஆகியவற்றின்மேல் எந்த மண்ணும் கூடாது. கைக்குழந்தைகளுக்கும் கூடாது. வேர்க்குருவுக்குத் தடித்த மண் பூச்சு போட்டால் வியர்வை வழி இன்னும் அடைபடலாம். அதற்கு இளஞ்சிவப்பு நிறக் காலமைன் மருந்தே போதும். தோட்டத்து மருந்தகத்தில் சீசாவைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றித் தருவார்களே, அதுதான். பிரிட்டிஷ் மருந்து முறைப்படி செய்யும் காலமைனில் துத்தநாக ஆக்சைடோடு பெண்டோனைட் களிமண்ணும் சேர்கிறது. தூள் கட்டியாகி அடியில் உறைந்துவிடாமல் தாங்கி நிற்க அந்த மண் உதவுகிறது. பார்த்தீர்களா, மருந்துக்கடையிலும் மண் இருக்கிறது! ஆனால் அது கழுவி, சலித்து, கிருமி நீக்கி, அளவிட்டுப் போட்ட மண்.

அந்தத் தாயின் கதையை முடிக்காமல் விடக்கூடாது. அன்று நான் சொன்னதைக் கேட்டு அவர் முகம் சிறுத்துப்போனது. மறுநாள் மகளே அவரை மருந்தகத்துக்கு அழைத்துப்போனாள். தாதி வெடிப்பைச் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, காய்ச்சலோ வீக்கமோ வந்தால் உடனே வரவேண்டும் என்றும், தோட்டத்துக்குப் போய் மண் பூசியதைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்றும் எச்சரித்து அனுப்பினார். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவர் தினமும் இரவில் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, குதிகாலில் வாசலீன் தடவிக்கொள்கிறார். உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாததால் மகள் பார்த்துச் சொல்கிறாள். வெளியே போனால் செருப்பில்லாமல் போவதில்லை.

மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள் நாம். அதை வெறுக்கச் சொல்லவில்லை. சூளையில் ஆயிரம் பாகைக்கு மேல் வெந்தபிறகுதான் களிமண் மங்காகி, மரத்தின் பாலை ஏந்தியது. பச்சை மண்ணில் யாரும் பாலைப் பிடிக்கவில்லை. மேனிக்குப் பூசும் மண்ணுக்கும் அப்படி ஒரு பக்குவம் வேண்டும். கழுவிச் சுத்தம் செய்த மண்ணை முகத்துக்கு அளவோடு பூசுங்கள். தரையில் கிடக்கும் மண்ணைச் செடிக்குப் போடுங்கள். புண்ணுக்கு மட்டும் எந்த மண்ணும் வேண்டாம். லயத்தில் பக்கத்து வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் யாராவது இருந்தால், இன்று கேட்டதை நாளைக் காலை அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.